செயின் கழுத்திலேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறார்.

போன வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. பாங்காக்கில் நான்கு நாள் மாணவர் மாநாடு, முதலாம் ஆண்டிலேயே உலக அளவில் கற்கும் வாய்ப்பு, சான்றிதழ் உண்டு என்று போட்டிருந்தார்கள். பெயரும் போன் நம்பரும் கொடுத்தேன். மறுநாளே ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்’ என்று கூப்பிட்டார்கள். கட்டணம் 62,000 ரூபாய், இந்த வாரத்துக்குள் கட்டினால் 48,000. அம்மா செயினை அடகு வைக்கலாம் என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. முதலாம் ஆண்டு மாணவி வெளிநாடு போய்க் கற்றுக்கொள்ள உண்மையிலேயே வழி இருக்கிறதா? இதை விட்டால் வேறு கிடைக்குமா? நீங்கள் வெளிநாடு போய் வந்து எழுதியதைப் படித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், செயின் கழுத்திலேயே இருக்கட்டும். மீதியை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் ‘மறுநாளே’ என்று ஒரு சொல் வருகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். பெயரையும் நம்பரையும் மட்டும் வைத்துக்கொண்டு உங்களை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? மதிப்பெண் கேட்கவில்லை. ஏன் வர ஆசைப்படுகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லவில்லை. உங்கள் ஆசிரியர் யாரென்றுகூட விசாரிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காரவே நாலு பேர் ‘நீங்க யார் வீட்டுக்கு?’ என்று கேட்கிற ஊர் நம்முடையது.

இந்த மாதிரி விஷயங்களில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது என் பழக்கம். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம் கோடையில் உலகமெங்கும் இருந்து மாணவர்களை அழைக்கிறது. தங்கிச் சாப்பிடப் படி கொடுத்துத்தான் அழைக்கிறார்கள். ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி. அமைப்பு இந்திய மாணவர்களுக்கென்று நடத்தும் ‘வைஸ்’ திட்டத்திலும் உதவித்தொகை அவர்கள் பக்கமிருந்து உங்களுக்கு வருகிறது. நம் அரசே ‘நான் முதல்வன்’ திட்டத்தில் 2024இல் 25 மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அவர்கள் யாரும் செயினை அடகு வைத்துப் போகவில்லை.

ஆனால் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதவுகளில் பெரும்பாலானவை முதலாம் ஆண்டில் திறக்காது. செர்னுக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகளாவது முடித்திருக்க வேண்டும். ‘வைஸ்’ மூன்றாம் ஆண்டு வாக்கில்தான், அதுவும் ஒரு ஜெர்மன் பேராசிரியர் ‘என்னிடம் வரலாம்’ என்று எழுதித் தந்த கடிதம் கையில் இருந்தால். முதலாம் ஆண்டுக்காரர்களைப் பெரிய இடத்தில் அநேகமாக யாரும் அழைப்பதில்லை. அந்தக் காலியிடம் தெரிந்துதான் இந்த மாநாட்டுக்காரர்கள் உங்களைக் குறிவைக்கிறார்கள்.

‘காசு வாங்கினால் எல்லாமே ஏமாற்றா?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகம் முதலாம் ஆண்டையே லண்டனிலோ பாரிஸிலோ தொடங்க விடுகிறது. நன்றாகவே காசு வாங்குகிறது. ஆனால் அங்கே படித்த பாடம் அந்தப் பிள்ளைகளின் பட்டத்தில் ஏறுகிறது. நான்கு நாள் பாங்காக் உங்கள் மார்க் ஷீட்டில் எந்த வரியிலும் வராது.

இந்த ‘ஏறுவது’ என்பது சின்ன விஷயமில்லை. சோஃபியா கொராடி என்றொரு இத்தாலியப் பெண் ரோமில் சட்டம் படித்தார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், முதுநிலைப் பட்டத்தோடு 1958இல் ஊர் திரும்பினார். அதை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று தன் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டபோது எல்லார் முன்னாலும் கேலி செய்து அனுப்பிவிட்டார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்து சலுகை கேட்கிறாயா என்கிற தோரணை. அந்த அம்மாள் அதை மறக்கவில்லை. ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வருஷக்கணக்காக மனு எழுதினார், அலைந்தார். 1987இல் ஐரோப்பா ‘எராஸ்மஸ்’ திட்டத்தைத் தொடங்கியது. முதல் வருஷம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். அவரை ‘மம்மா எராஸ்மஸ்’ என்றே கூப்பிட்டார்கள். எந்த அலுவலகத்தில் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்க நேர்ந்தாலும் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும்.

சரி, முதலாம் ஆண்டில் என்னதான் செய்வது?

பாஸ்போர்ட் எடுங்கள். சிரிக்காதீர்கள். பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சிக்கல் பணத்தில் இல்லை, நம் இனிஷியலில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டம் வேறு இருக்கும், நமக்கு அப்படியொன்று கிடையாது. காலியாக விட்டால் பின்னால் தொல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது நம் ஆட்கள் எத்தனை பேர் தவித்தார்கள்!

என் கதையைக் கேளுங்கள். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, கல்லூரிச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. நடுவில் ஒரு ‘ஏ’ கூடுதல், அவ்வளவுதான். கல்லூரி அலுவலகத்தில் யாரோ கேட்டு எழுதிக்கொண்டது. இருபத்தாறு வயதில் ஒரு மூன்று மாதப் பயிற்சிக்கு அழைப்பு வந்தபோதுதான் அந்த ‘ஏ’ எழுந்து நின்றது. கெஜட், நோட்டரி, பழைய பள்ளிக்கூடம் என்று நான் அலைந்து முடிப்பதற்குள் பயிற்சி தொடங்கிவிட்டது. என் இடத்தில் வேறொருவர் போனார். நல்லவர்தான், பின்னால் நண்பரானார். உங்கள் ஆதார், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மூன்றையும் இன்று இரவே பாயில் விரித்து வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஆசிரியர். எந்த விண்ணப்பமும் பரிந்துரைக் கடிதம் கேட்கும். நம் ஊர்க் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். ‘இவர் ஒழுங்காக வகுப்புக்கு வருபவர், கீழ்ப்படிதல் உள்ளவர், இவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.’ இது நன்னடத்தைச் சான்றிதழ். வெளியூர்ப் பேராசிரியர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? ‘ஊசல் சோதனையில் விடை சரியாக வரவில்லை என்று இந்தப் பெண் மறுநாள் திரும்ப வந்து நூலின் நீளத்தை மறுபடி அளந்தாள்’ என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும், அவர் நிமிர்ந்து உட்காருவார். அந்த வரியை எழுத ஒரு ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷமாவது ஆகும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன். லேப் முடிந்ததும் ஓடாதீர்கள், கேள்வி கேளுங்கள், கொஞ்சம் தொந்தரவு பண்ணுங்கள். அரியர் வைக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மொழியும் தொடங்கலாம். சென்னையில் ஜெர்மன் என்றால் மாக்ஸ்முல்லர் பவன், பிரெஞ்சு என்றால் அலியான்ஸ் பிரான்சேஸ். ஜப்பானிய மொழித் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் சென்னையிலேயே நடக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது என்பதை இப்போதைக்குக் காதில் போட்டு வையுங்கள். எம்.எஸ்சி. சமயத்தில் உதவும். அப்போது எராஸ்மஸ் முண்டஸ் என்ற பெயரையும் தேடுங்கள். இரண்டு மூன்று நாடுகளில் சேர்ந்து படிக்கும் முதுநிலைப் படிப்பு, மாதம் 1,400 யூரோ உதவித்தொகை.

கம்ப்யூட்டரில் நிரல் எழுதும் ஆர்வம் இருந்தால், ‘கூகுள் சம்மர் ஆஃப் கோட்’ முதலாம் ஆண்டு என்று யாரையும் ஒதுக்குவதில்லை. 18 வயது முடிந்தால் போதும், வேலைக்குப் பணமும் உண்டு. இரண்டு நாட்டு வகுப்புகள் இணையத்தில் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாடத்தைச் செய்யும் முறையும் இருக்கிறது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் 2006இல் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் COIL, தமிழில் எழுதினால் ‘கோயில்’ என்றுதான் வரும். உங்கள் துறைத் தலைவரிடம் கேட்கும்போது விளக்கிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வா என்று சொல்லிவிடுவார்.

ஆனால் பைசா செலவில்லாமல் இன்றைக்கே நீங்கள் உட்காரக்கூடிய வெளிநாட்டு வகுப்பு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் நடத்திய நேரியல் இயற்கணிதம். 1999இல் பதிவு செய்த காணொளி, இணையத்தில் இருக்கிறது. சாக்பீஸ், மேலும் கீழும் நகரும் கரும்பலகை, ஒரு மனிதர். முதல் வகுப்பில் அவர் எழுதுவது இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். நாம் ஒன்பதாம் வகுப்பில் போட்ட கணக்குதான். முதலில் நம் வாத்தியார் மாதிரியே இரண்டு கோடு வரைந்து வெட்டும் புள்ளியைக் காட்டுகிறார். அப்புறம் அதே எண்களை நெடுக்காகப் பிரித்து இரண்டு அம்புகளாக்குகிறார். இந்த அம்பு ஒன்று, அந்த அம்பு இரண்டு சேர்த்தால் எங்கே போய் நிற்போம் என்று கேட்கிறார். எனக்கு நாற்பது வயதில்தான் அந்தக் கணக்கு புரிந்தது. குவாண்டம் இயற்பியலுக்கு நீங்கள் வரும்போது இந்த அம்புகள்தான் வரப்போகின்றன. அவர் 2023இல் ஓய்வு பெற்றுவிட்டார், வகுப்பு அப்படியே இருக்கிறது. ஆங்கிலம் ஓடினால் வேகத்தைக் குறைத்து வையுங்கள். மத்திய அரசு இணையத்தில் நடத்தும் ஸ்வயம் பாடங்கள் என்றால் மதிப்பெண்ணிலும் ஏற வழியுண்டு. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஏற்கலாம் என்று யு.ஜி.சி. 2021இல் விதி போட்டிருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்கிறதா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். கேலி செய்தால் கொராடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் திருப்பத்தூர் மாவட்டம் என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உங்களுக்கு எவ்வளவு தூரம்? அங்கே கிழக்கு ஜெர்மனியின் ஜெனாவில் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இலிருந்து நிற்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, இந்தியப் பெருங்கடல் மேலே விமானத்தில் பறந்தபடி அமெரிக்கர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே சமயத்தில் காவலூரிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைவதற்கு முன்னும் பின்னும் விண்மீன் கண்ணைச் சிமிட்டியது. குறுக்கே வந்து மறைத்தவை வளையங்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது அங்கே வழக்கம். முன்கூட்டியே விசாரித்துவிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், மேகத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். தை, மாசியில் போங்கள். மலையில் குளிரும், ஸ்வெட்டர் இல்லையென்றால் ஒரு போர்வையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.