ஆபீஸ் காதலும் பெண்ணின் வேலையும்: கேள்வி பதில்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருஷம் எச்.ஆர். பிரிவில் இருந்தேன். புகார் குழுவிலும் இருந்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் காதல் வந்தால் பெண்ணின் வேலை என்ன ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆம்பூர்: அக்கா, நான் ஸ்டிச்சிங்கில் எட்டு வருஷம். லைன் சூப்பர்வைசரும் நானும் விரும்புகிறோம். போன மாதம் என்னை குவாலிட்டி செக்கிங்கில் போட்டார்கள், சம்பளமும் கூடியது. "அவர் வாங்கிக் கொடுத்தது" என்று பேசுகிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவா?

கொடுக்கவே கொடுக்காதீங்க. எட்டு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவருக்கு அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, கையில் எடுத்ததுமே தையல் விலகியிருப்பது தெரிந்துவிடும். அது உங்கள் கைக்கு வந்த வேலை.

ஆனால் ஊர்ப் பேச்சுக்கு ஒரு பிடி இருக்கிறது. உங்கள் லீவிலும் ஓ.டி.யிலும் கையெழுத்துப் போடுவது அவர். அதை முதலில் அறுக்க வேண்டும். அவரே மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, தன்னை வேறு லைனுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். மாற வேண்டியது அவர், நீங்கள் இல்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் போஸ்ட் பெட் என்கிற ஷூ தையல் மெஷினில் ஒரு பெண் இருந்தாள். அவள் தைத்த அப்பர் ரிஜெக்ட் ஆகி நான் பார்த்ததில்லை. சூப்பர்வைசரோடு பழகுவது வெளியே தெரிந்ததும் அவளை பேக்கிங்கில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் மடித்து வைக்கிற வேலை. மூன்றே மாதத்தில் நின்றுவிட்டாள். அவர் அதே லைனில் அதே நாற்காலியில் இருந்தார். அந்த மாற்றல் ஆர்டரை டைப் செய்தவள் நான். "ஏன் இவளை மட்டும்?" என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

காட்பாடி: இருவரும் ஒரே டீம். கல்யாணம் முடிந்ததும் ஒருவர் வேலையை விட வேண்டும் என்கிறார் மேனேஜர். அப்படிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. ஒருவருக்குக் கீழே மற்றவர் வேலை செய்யக் கூடாது என்று கம்பெனி விதி வைத்திருக்கலாம். அதற்கு டீம் மாற்றினால் போதும். வாய்ப்பேச்சோடு விடாமல், எந்த விதி என்று மெயிலில் கேளுங்கள். "ஒருவர்" என்று பொதுவாகத்தான் ஆரம்பிப்பார்கள், வீட்டில் கூடிப் பேசும்போது அது நீங்களாகிவிடும்.

செலினா ஜான் என்ற ராணுவ நர்ஸை, கல்யாணம் செய்துகொண்டார் என்று 1988-ல் வேலையிலிருந்து அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நர்ஸுகள் நிறைந்த நம்ம வேலூரில் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை: சீனியர் ஒருவரோடு பழகினேன். நான்கு மாதம் முன்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரியில் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது, நல்ல வேலை எதுவும் தருவதில்லை. முன்பு நானும் விரும்பியவள்தானே, புகார் எடுபடுமா?

எடுபடும்மா. நேற்று சரி என்றது இன்றைக்கும் சரி என்று ஆகாது. 2013 பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்தில், அதை ஒட்டி வேலையில் இடைஞ்சல் செய்வதும் மிரட்டுவதும் வருகிறது. கடைசியாக நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார் குழு கட்டாயம். அதைவிடக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்டக் குழுவுக்குப் போகலாம், கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். புகாரை ஆறு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அவரை வேறு இடத்துக்கு மாற்றும்படி எழுத்தில் கேட்கலாம், 3 மாதம் வரை லீவும் கேட்கலாம். நான் கண்ட வரையில் லீவில் போனவளுடைய வேலை அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. அதனால் முதலில் மாற்றலைக் கேளுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீங்க.

சத்துவாச்சாரி: அவர் வேறு சாதி. வீட்டில் தெரிந்தால் வேலைக்கே அனுப்ப மாட்டார்கள். என்ன செய்வது?

நம்ம பக்கத்தில் வீடுகளில் முதலில் நிறுத்துவது வேலையைத்தான். ஒரு பெண்ணுக்கு, கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, வெளியே வர முடியாமல் கதவுக்கு வெளியே பூட்டு. அவசரப்பட்டு எதையும் சொல்ல வேண்டாம். சர்டிபிகேட், ஆதார், ஏ.டி.எம். கார்டு மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும். மிரட்டல், அடி என்று போனால் 181-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அப்புறம் ஒன்று, உங்கள் சம்பள அக்கவுண்ட்டில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது? அப்பா நம்பர் என்றால், இந்த வாரமே பேங்குக்குப் போய் மாற்றிவிடுங்கள்.