உலர்ந்த கடற்பாசிக்கு மருந்துக் கண்காட்சியில் வாங்குபவர் கிடைக்காதது ஏன்?

உலர்ந்த பாசியை மருந்து கம்பெனிகள் நேராக வாங்குவதில்லை. அதிலிருந்து பிரித்தெடுத்த தூளைத்தான் வாங்குகின்றன. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து மூன்று வகைப் பாசியைச் சுமந்துகொண்டு நொய்டா கண்காட்சி வரை போய், இரண்டு நாள் சுற்றியும் ஒருவரும் விலை கேட்கவில்லை, எதற்குத் தேவை கூடுகிறது என்பதும் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனம் கனத்தது.

மாத்திரை விற்கும் ஸ்டால்களிலேயே உங்கள் நேரம் போயிருக்க வேண்டும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் துணைப்பொருள், அதாவது மருந்துச் சத்தோடு கூடச் சேர்க்கும் மற்றப் பொருட்கள், விற்பவர்களின் பகுதி. ஜெலட்டின் இல்லாத கேப்சூல் ஓடுகள் சிலவற்றில் கூழாக்கியாகச் சேர்வது கராஜீனன். நம் கடலில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி தருவது அதுதான். கட்டைக்கோரைப் பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் நெஞ்செரிச்சல் மருந்துக்குப் போகிறது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுக்கும் அகார் என்ற கூழ்ப்பொருள், கிருமி வளர்த்துச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு.

கொண்டுவந்த துண்டறிக்கைகளில் துணைப்பொருள் கம்பெனிகளுடையதை மட்டும் பிரித்தெடுங்கள். ஐந்தாறு பேருக்கு போன் செய்து ஒரே கேள்வி கேளுங்கள்: "சரக்கை யாரிடம் வாங்குகிறீர்கள், கூடவே எந்தப் பரிசோதனை அறிக்கை வேண்டும்?" பல வாயிலிருந்து ஒரே பதில் வந்தால் அதுதான் போக்கு. ஸ்டால் பேனரில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் விற்க விரும்புவது மட்டுமே.

ஒரு எச்சரிக்கை. கட்டைக்கோரை போன்ற பழுப்புப் பாசிகள் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் அளவைச் சொல்லும் ஆய்வக அறிக்கை கைக்கு வருமுன் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.