சூரியன் ஏன் ஒரேயடியாக வெடித்துவிடவில்லை?

"ஐதரசன் குண்டில் நடக்கும் அணுக்கரு இணைவே சூரியனிலும் நடக்கிறதென்றால், அத்தனை ஐதரசனும் ஒரே கணத்தில் வெடிக்காமல் எப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நின்று எரிகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. நான்கு ஐதரசன் கருக்கள் சேர்ந்து ஓர் ஈலியக் கரு உண்டாகிறது என்று பலகையில் எழுதி முடித்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். அந்தச் சமன்பாடு என்ன உண்டாகிறது என்பதைச் சொல்கிறதேயன்றி, எவ்வளவு வேகத்தில் உண்டாகிறது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கான விடை அந்த வேகத்தில்தான் இருக்கிறது.

சூரிய மையத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி கெல்வின். அடர்த்தி நீரினுடையதைப் போல் 150 மடங்கு. அங்கே ஒரு கன மீற்றரில் எவ்வளவு வலு பிறக்கும் என்று வகுப்பில் கேட்டால், நுரைச்சோலை மின்நிலையத்தைவிடப் பெரிய எண்களையே சொல்வார்கள். உண்மையான அளவு 300 வாற்றுக்கும் குறைவு. சும்மா இருக்கும் மனிதர் ஒருவரே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறார். அவருடைய உடலின் கனவளவோ ஒரு கன மீற்றரில் பத்திலொரு பங்குகூட வராது. ஆகவே, மாலை நேரத்தில் 100 ஆம் இலக்கப் பேருந்தில் காலி வீதி நெடுக நெரிபட்டு வருபவரின் உடல், கனவளவுக்குக் கனவளவு பார்த்தால், சூரிய மையத்தைவிடப் பல மடங்கு வெப்பத்தைத் தருகிறது. சூரியனின் பிரகாசம் அதன் பருமனால் வருவது. செக்கனுக்கு ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாகிறது, அதில் 0.7 சதவீதம், அதாவது 40 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட திணிவு, சக்தியாக வெளியேறுகிறது.

இணைவு இவ்வளவு மந்தமாக நடப்பதற்கு இரண்டு தடைகள் காரணம். முதலாவது, நேர்மின்னேற்றம் கொண்ட இரு புரோத்தன்கள், அதாவது ஐதரசன் கருக்கள், ஒன்றையொன்று தள்ளுவது. 1.5 கோடி கெல்வினில் அவற்றுக்குள்ள வேகம் அந்தத் தள்ளுகையை மீறிச் செல்லப் போதவே போதாது. விண்மீன்கள் ஐதரசனை ஈலியமாக்கி ஒளிர்கின்றன என்ற கருத்தை வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1920 இல் முன்வைத்தபோது, மையத்தின் வெப்பம் இதற்குப் போதாது என்று பலர் மறுத்ததற்கு இதுவே காரணம். 1928 இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் காமோவ், குவாண்டம் விதிகளின்படி ஒரு துகள் தன்னால் ஏறிக் கடக்க முடியாத தடையை அரிதாக ஊடுருவிச் செல்லலாம் என்று அணுக்கருச் சிதைவை வைத்துக் காட்டினார். அடுத்த ஆண்டே பௌதிகவியலாளர்களான அட்கின்சனும் ஹவுட்டர்மான்சும் அதை விண்மீன்களுக்குப் பொருத்தினார்கள்.

இரண்டாவது தடையைப் பலர் கேள்விப்பட்டிருப்பதில்லை. என் மதிப்பில் அதுவே முக்கியமானது. இரண்டு புரோத்தன்கள் மட்டும் சேர்ந்து நிலையான கருவாக நிற்க முடியாது. தொட்ட கணத்திலேயே பிரிந்துவிடும். அந்த மிகக் குறுகிய சந்திப்புக்குள் அவற்றில் ஒன்று மின்னேற்றமற்ற நியூத்திரனாக மாறினால் மட்டுமே, ஒரு புரோத்தனும் ஒரு நியூத்திரனும் கொண்ட கனமான ஐதரசன் கரு, அதாவது தியூத்தேரியம், உண்டாகும். அந்த மாற்றத்தைச் செய்வது, இயற்கையின் அடிப்படை விசைகளுள் ஒன்றான மென்விசை. அது பெயருக்கேற்ப மிக நலிந்தது. இதன் விளைவாக, சூரிய மையத்திலுள்ள ஒரு புரோத்தன் செக்கனுக்கு எண்ணற்ற மோதல்களைச் சந்தித்தும், இணைவதற்குச் சராசரியாக 1000 கோடி ஆண்டுகள் அளவில் காத்திருக்கிறது. தியூத்தேரியம் ஆன பிறகு அடுத்த புரோத்தனைப் பிடிக்கச் சில செக்கன்களே போதும். இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று: அந்த முதற்படியில் பிறக்கும் நியூத்திரினோக்களை, அதாவது எதனுடனும் அரிதாகவே மோதும் மின்னேற்றமற்ற நுண்துகள்களை, இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலிருந்த பொரெக்சினோ கருவி நேரடியாகப் பதிவுசெய்ததை 2014 இல் அறிவித்தார்கள்.

குண்டில் இந்த முதற்படியே கிடையாது. அதில் இருப்பது தியூத்தேரியமும், இலிதியத்திலிருந்து வெடிப்பின்போதே உண்டாகும், ஐதரசனின் இன்னொரு கனமான வகையான திரித்தியமும். இரண்டிலும் நியூத்திரன்கள் ஏற்கெனவே உள்ளன, ஆகவே மென்விசைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இணைவு உலைகளும் இதே எரிபொருளையே நம்புகின்றன. பிரான்சில் கட்டப்படும் ஈற்றர் உலை 15 கோடி பாகை வெப்பத்தை, அதாவது சூரிய மையத்தைப் போல் பத்து மடங்கை, இலக்காகக் கொண்டிருப்பது, இணைவு சூரியனில்போல் மந்தமாக நடந்தால் போதாது என்பதால்தான். 'பூமியில் ஒரு சூரியன்' என்று பத்திரிகைகள் தலைப்பிடும்போது எனக்குச் சிரிப்பு வரும்; சூரியனின் வேகத்தில் எரியும் உலையால் ஒரு சிறு நகருக்குக்கூட மின் வழங்க முடியாது.

மந்தம் மட்டும் போதாது, கட்டுப்பாடும் வேண்டும். மையத்தில் இணைவு சற்று வேகமெடுத்தால், வெப்பம் கூடி அமுக்கம் உயரும். மையம் விரியும், விரிந்தால் குளிரும், இணைவு தணியும். வேகம் குறைந்தால் ஈர்ப்பு மையத்தை நெருக்கிச் சூடாக்கி மீண்டும் ஏற்றிவிடும். வெப்பத்துடன் அமுக்கமும் கூடுகிற சாதாரண வாயுவாக மையம் இருக்கும்வரையே இது வேலை செய்யும். வெண்குள்ளன் எனப்படும் எரிந்து முடிந்த விண்மீனில் அமுக்கம் வெப்பநிலையைச் சார்ந்திராது. அருகிலுள்ள துணை விண்மீனிலிருந்து போதிய திணிவு அதன்மேல் வந்து சேர்ந்தால், காபன் எரியத் தொடங்கி, தணிக்க வழியின்றி, நீங்கள் கேட்ட அதே வெடிப்பு நிகழும். சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகள் அளவில் ஐதரசனை எரித்து முடித்து, பெருத்துச் செந்நிறமாகி, இறுதியில் வெண்குள்ளனாகும். ஆனால் அதற்குத் துணை விண்மீன் இல்லாததால், அப்போதும் வெடிக்காமல் மெல்லக் குளிர்ந்துகொண்டே போகும்.