கேரள மட்டை அரிசிச் சோறு தமிழ்நாட்டில் பலருக்கு ஏன் பிடிப்பதில்லை? குறை அரிசியிலா, நம் பழக்கத்திலா?

முக்கால்வாசிக் குறை அடுப்பில் இருக்கிறது. பொன்னிக்கு வைக்கிற கணக்கிலேயே, அதாவது டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில் வைத்தால், மட்டை அரிசி மேலே குழைந்து நடுவில் நறநறவென்று நிற்கும். அதை ஒரு வாய் சாப்பிட்டவர் “மாட்டுக்குப் போடுகிற அரிசி” என்று சொல்லிவிடுவார். அந்தப் பேச்சைக் கேட்டு வளரும் பிள்ளைகள் தொட்டே பார்ப்பதில்லை.

மட்டை, சிவப்புத் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும் புழுங்கலரிசி. உமி நீக்காமல் நெல்லாகவே ஊறவைத்து, அவித்து, காயவைத்த பிறகே குத்துகிறார்கள். அவிக்கும்போது பருக்கை இறுகிவிடுகிறது. மேலே தவிடும் இருப்பதால் தண்ணீர் உள்ளே போக நேரம் பிடிக்கும். தண்ணீரையும் நேரத்தையும் கஞ்சத்தனம் இல்லாமல் கொடுத்தால் போதும்.

இரண்டு மூன்று முறை கழுவி, குறைந்தது ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறவையுங்கள். இரவே ஊறப்போட்டால் இன்னும் நல்லது. பானையில் வடிப்பதானால் ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீர். கொதித்த பிறகு மிதமான தீயில் அரை மணி நேரம், ஊறவைக்காவிட்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். நடுவில் தண்ணீர் குறைந்தால் வெந்நீரையே சேருங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி அடங்கி, வேகும் நேரம் நீண்டுவிடும். குக்கரில் நான்கு டம்ளர் தண்ணீர். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்க வேண்டும். நுரை அதிகம் பொங்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம். புள்ளி மறைந்ததும் வடிகட்டியில் கொட்டி, ஒரு குவளை கொதிநீரை மேலே ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கொழகொழப்பு போய்ப் பருக்கை தனித்தனியாக நிற்கும். வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். உப்புப் போட்டுக் குடிக்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

அடுத்த தவறு, ரசத்தை ஊற்றிப் பிசைவது. பொன்னி விரலுக்கு மசிந்து ரசத்தை உறிஞ்சும். மட்டை மசியாது, ரசம் தட்டின் அடியில் தேங்கிவிடும். இதற்குக் கெட்டியான குழம்பு வேண்டும்: மீன் குழம்பு, தீயல், எரிசேரி, தேங்காய் அரைத்த மோர்க்குழம்பு, நம் வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு. பழைய சோற்றுக்கு இதை மிஞ்ச வேறு அரிசி கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து. இரவெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் காலையில் பருக்கை கரையாமல் இருக்கும்.

மீதிக் கால்வாசி, நம் மனதில் இருப்பது. சன்ன அரிசி வசதியின் அடையாளம், குண்டரிசி இல்லாமையின் அடையாளம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். விருந்தில் குண்டரிசி போட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற வீடுகள் இன்றும் உண்டு. ஆனால் நாம் “நம்ம ஊர் அரிசி” என்று கொண்டாடும் வெள்ளைப் பொன்னியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1986-இல்தான். அதன் பெற்றோர் ரகங்கள் தைச்சுங் 65, மாயாங் எபோஸ் 80. ஒன்று தைவானுடையது, மற்றது மலேசியாவினுடையது. பொன்னி நல்ல அரிசி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த ருசி என்று அதைச் சொல்ல முடியாது. ஆலைத் தீட்டல் பரவுவதற்கு முன் நம் வீடுகளிலும் கைக்குத்தலரிசிதான் பொங்கியது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் சிவப்புப் பருக்கைச் சோறு பல வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. இன்னொன்று: தினமும் இட்லிக்குப் போடுகிற அரிசியும் குண்டுப் புழுங்கல்தானே? அதை யாரும் மட்டமாகப் பேசுவதில்லை.

எதிர்ப்பக்கமும் சரியில்லை. மெல்லிய வெள்ளைச் சோறு வயிற்றில் நிற்காது என்று மலையாளிகளில் சிலர் ஒதுக்குவதும் இதே வகைதான். மட்டையை மருந்துபோல விற்பதையும் நம்ப வேண்டாம். தவிடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், உண்மை. ஆனாலும் அது அரிசிதான். சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்தே சாப்பிட வேண்டும்.

முதல் முறை வாங்குபவர்கள் உருண்டையான உண்டை மட்டையைவிட நீளமான வடி மட்டையை ஒரு கிலோ மட்டும் வாங்குங்கள். கழுவும் தண்ணீர் லேசாகச் சிவப்பது இயல்பு. சாயம் முழுக்கக் கரைந்து பருக்கை வெளுத்துவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். பிடிக்குமோ பிடிக்காதோ என்று பொன்னியோடு கலந்து ஒரே பானையில் வைக்காதீர்கள். மட்டை வேகும்போது பொன்னி கூழாகியிருக்கும். தனியாக வடித்து, முதல் நாள் மீன் குழம்போ வத்தக்குழம்போ ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். மூன்று நான்கு தடவை சரியாக வெந்த சோற்றைச் சாப்பிட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால், அது உங்கள் நாக்கு சொல்வது; தாராளமாக விட்டுவிடலாம்.