'கிங்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'கோன்' என்பதிலிருந்து வந்ததா?

இல்லை. ஆங்கிலக் 'கிங்', டச்சு 'கோனிங்', ஜெர்மன் 'கோனிக்' மூன்றுக்கும் மூலம் *குனிங்கஸ் என்னும் தொல்ஜெர்மானியச் சொல் (தொல்ஜெர்மானியம் இம்மொழிகளின் பொது மூதாதை). எந்த ஏட்டிலும் இல்லாத, ஒப்பிட்டு மீட்டமைத்த வடிவம் என்பதையே முன்னுள்ள உடுக்குறி காட்டுகிறது. (ஈற்றில் உண்மையில் இருப்பது அதிர்வுள்ள ஸகரம் (z), தமிழெழுத்தில் அதைக் காட்ட வழியில்லை.)

*குன்யம் என்றால் குலம். அதோடு 'சேர்ந்தவன், வழிவந்தவன்' எனப் பொருள்தரும் 'இங்' விகுதி சேர்ந்தது. ஆக, குலத்தோன்றல். இந்தக் ககரத்தை அப்படியே கோனோடு பொருத்துவதில்தான் பிழை. ஜெர்மானிய மொழிகளின் மெய்யொலி மாற்றங்களை விளக்கும் கிரிம் விதிப்படி, ஜெர்மானியக் ககரம் (k) பழைய அதிர்வொலிக் ககரத்திலிருந்து (g) மாறியது. அதனால் இதன் உண்மையான உறவுகள் லத்தீன் 'கெனுஸ்', சமஸ்கிருத 'ஜன'. நாம் பேசும் 'சனம்' சமஸ்கிருதத்திலிருந்து கடனாக வந்தது. அந்த வழியில் மட்டும் தமிழுக்கு ஒரு தூரத்துத் தொடர்பு உண்டு.

பழைய ஆங்கிலத்தில் இது 'கியுனிங்'. அடுத்த அசையின் இகரம் முந்தைய உகரத்தின் ஒலிப்பை வாயின் முன்பக்கம் இழுத்ததால் வந்த மாற்றம்; பிறகு சுருங்கிக் 'கிங்' ஆனது. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் 'கொனுங்ர்'. வழக்கொழிந்த இன்னொரு ஜெர்மானிய மொழியான கோதிக்கில் இச்சொல்லே பதிவாகவில்லை, அங்கே அரசன் 'தியுதன்ஸ்'.

சுவையான சாட்சி பின்லாந்தின் மொழியான ஃபின்னியம். ஜெர்மானிய மொழியே அல்ல. ஆனால் கடன்வாங்கிய 'குனிங்கஸ்' என்பதை ஈறு கெடாமல் இன்றும் வைத்திருக்கிறது. ரஷ்ய 'க்ன்யாஸ்' இதே மூலத்திலிருந்து வந்து இளவரசனைக் குறிக்கும் கடன்சொல். லித்துவேனியத்தில் அதே கடன்சொல்லான 'குனிகஸ்' இப்போது பாதிரியார்!