புள்ளி கோடாக நீண்டால் குழாய் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: பழைய ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) ஒன்று கிடைத்தது. ஃபோகஸ் குமிழை ஒரு பக்கம் திருகினால் புள்ளி கிடைக்கோடாக நீள்கிறது, மறுபக்கம் திருகினால் செங்குத்தாக. வட்டமாக வரவே இல்லை. படக்குழாயை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், குழாய் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றையை ஃபோகஸ் செய்வது வெவ்வேறு வோல்டேஜில் இருக்கும் உலோக உருளைகள். அவற்றுக்கு நடுவே மின்புலம் வளைகிறது. அதன் ஒரு பாதி எலக்ட்ரான்களை அச்சை நோக்கிக் குவிக்கும், மறுபாதி விரிக்கும், ஆனால் குவிக்கும் பாதியில் அவை மெதுவாகப் போவதால் அங்கே அதிக நேரம் தங்கி, மொத்தத்தில் குவிப்பே ஜெயிக்கிறது. அச்சைச் சுற்றிச் சீரான புலம் லென்ஸாக வேலை செய்யும் என்று ஹான்ஸ் புஷ் 1926-லேயே காட்டிவிட்டார். ஒரே குழாயில் உருளைகளின் வடிவம் மாறாது என்பதால், குவிதூரத்தைத் தீர்மானிப்பது வோல்டேஜ்களின் விகிதம் மட்டுமே. அதனால் எல்லா வோல்டேஜும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கினால் ஃபோகஸ் கலையாது.

சரி, உருளை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி குவிக்குமே, கோடு எங்கிருந்து வருகிறது? விலக்கத் தகடுகளிலிருந்து, அதாவது கற்றையை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தும் ஜோடித் தகடுகளிலிருந்து. ஒரு ஜோடித் தகடுகளின் சராசரி வோல்டேஜ் கடைசி ஆனோடின் (எலக்ட்ரான்களை இழுத்து வேகப்படுத்தும் மின்முனை) வோல்டேஜுக்குச் சமமாக இல்லாவிட்டால், அந்த இடைவெளியும் ஒரு லென்ஸாகிவிடும். தகடு தட்டையானது என்பதால் அந்த லென்ஸ் ஒரு திசையில் மட்டும் குவிக்கும். இதுதான் ஆஸ்டிக்மாட்டிசம், கண்ணில் வருகிற அதே கோளாறு.

பிரகாசத்தை நன்றாகக் குறைத்துவிட்டு (நிற்கும் புள்ளி திரையில் ஒளிரும் பாஸ்பர் பூச்சை எரித்துவிடும்) ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள், ஆஸ்டிக்மாட்டிசத்தைச் சரிசெய்யும் ஆஸ்டிக் குமிழைத் திருகி மங்கலான திட்டை வட்டமாக்குங்கள், அப்புறம் ஃபோகஸ். இரண்டையும் மாறி மாறி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். வெளியே குமிழ் இல்லையென்றால் உள்ளே ஒரு ட்ரிம்மராக (திருப்புளியால் திருகும் சிறு குமிழாக) இருக்கலாம்.

ஆஸ்டிக் கடைசி வரை போயும் வட்டம் வரவில்லையா? புள்ளியைத் திரையின் நடுவில் வைத்து ஒவ்வொரு ஜோடியிலும் இரு தகடுகளின் வோல்டேஜையும் அளந்து சராசரி எடுங்கள். அது ஆனோடை விட்டு வெகுவாக விலகியிருந்தால் கோளாறு அந்தத் தகடுகளுக்கு வோல்டேஜ் தரும் விலக்கப் பெருக்கியில்தான். அளக்கும்போது கவனம் தேவை: பல ஆசிலோஸ்கோப்களில் கேத்தோடு (எலக்ட்ரான்கள் கிளம்பும் மின்முனை) தரை வோல்டேஜுக்குக் கீழே ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட்டில் இருக்கும், ஃபோகஸ் பொட்டென்ஷியோமீட்டரும் (குமிழின் பின்னால் இருக்கும் மாற்றத்தக்க ரெசிஸ்டர்) அதே உயர் வோல்டேஜ் ரெசிஸ்டர் சங்கிலியில்தான் தொங்குகிறது, அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் நிற்கும். பழக்கமில்லையென்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் வந்து, ஃபோகஸ் மட்டும் குமிழின் ஓரத்தில் போய் முட்டினால், அந்தச் சங்கிலியில் உள்ள பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களைப் பாருங்கள். வயதானால் அவற்றின் மதிப்பு ஏறிவிடும். பிரகாசத்தைக் கூட்டும்போது புள்ளி கொஞ்சம் பருப்பது கோளாறே இல்லை, அதைத் துரத்த வேண்டாம்.