மன்னித்தவள் வாய்தாவுக்குப் போகலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

அம்மா நினைவு தப்பிக் கிடந்த நாட்களில் என் தம்பி கைநாட்டு வாங்கி வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நான் இருந்த வீடு அது. இப்போது வாடகை வீடு, தையல் மெஷின்தான் பிழைப்பு. ஆறு வருடமாக வழக்கு நடக்கிறது. "மன்னிச்சவ எதுக்கு வாய்தாவுக்குப் போறா?" என்று கோயிலில் என் காதுபடவே கேட்கிறார்கள். திருவிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டேன். பரமண்டல ஜெபத்தில் ‘எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்ற இடம் வந்ததும் வாய் அடைத்துப்போகிறது. போன வாரம் தம்பி மகள் கல்யாணப் பத்திரிகையோடு தனியாக வந்தாள். "அத்தை வந்து ஜெபம் பண்ணணும்" என்றாள். நான் என்ன செய்ய?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். கோயிலில் கேட்டார்களே, அந்தக் கேள்விதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒடிசாவில் ஊழியம் செய்த ஆஸ்திரேலிய மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸை உங்களுக்கு நினைவிருக்கும். 1999 ஜனவரி 22 இரவு, ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், கிறிஸ்தவக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிக்குள் அவருடைய கணவர் கிரஹாமும் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது திமோத்தேயும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கும்பல் வண்டியோடு சேர்த்து மூவரையும் எரித்தது. கிளாடிஸ் அப்போது மகள் எஸ்தரோடு, அவர்கள் வசித்த பாரிபதாவில் இருந்தார். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நாமெல்லாம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். பிரசங்கத்தில் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பிறகு அவர் அந்தக் கொலையை விசாரித்த நீதிபதி வாத்வா ஆணையத்திடம் சொன்னதைக் கவனியுங்கள். தண்டிக்க வேண்டும் என்ற எண்ணம் தனக்கில்லை, அவர்கள் மனந்திரும்பித் திருந்த வேண்டும் என்பதே தன் ஆசை என்றார். அவர்கள் ஏன் இவ்வளவு கொடூரமாக நடந்துகொண்டார்கள் என்று சில சமயம் யோசிப்பதுண்டு என்றும் சொன்னார். மன்னித்த பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. வழக்கும் நிற்கவில்லை. 2003இல் முதன்மைக் குற்றவாளிக்குத் தூக்கு, 2005இல் அது ஆயுள் தண்டனையானது, 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அது அரசு நடத்திய கொலை வழக்கு, உங்களுடையது சொத்து வழக்கு. இரண்டும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் மன்னிப்பு மனதில் நடப்பது, வழக்கு நீதிமன்றத்தில் நடப்பது என்பது இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் பிள்ளைகளின் கூரையைக் கேட்டு நீங்கள் படியேறுவது பழிவாங்குவதாகாது.

கொரிந்தியர் நிருபத்தை எடுத்துக் காட்டுவார்கள். சகோதரனோடு சகோதரன் வழக்காடலாமா என்று பவுல் கேட்கிறார், உண்மைதான். அதே இடத்தில், வழக்கைத் தீர்த்துவைக்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று சபையையும் கேட்கிறாரே! உங்களிடம் கேட்ட பெரியவர்களில் ஒருவராவது தம்பி வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "தம்பி, அந்தப் பத்திரத்தைக் காட்டு" என்று கேட்டாரா? கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

கிளாடிஸ் ஊரைவிட்டு உடனே போய்விடவில்லை. 2004 வரை பாரிபதாவிலேயே இருந்து கணவர் கவனித்துவந்த தொழுநோயாளிகளைக் கவனித்தார். காலையில் எழுந்ததும் செய்ய வேலை இருந்தது, காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த வேலைதான் அவரைக் கசப்பில் மூழ்கவிடாமல் பிடித்துக்கொண்டது என்று நான் நம்புகிறேன்.

வேதத்தில் வரும் யோசேப்பையும் பாருங்கள். எகிப்தில் அதிகாரியாக இருந்தான். தன்னை விற்ற அண்ணன்மார் தானியம் கேட்டு வந்து நின்றபோது அவன் உடனே போய்க் கட்டிக்கொள்ளவில்லை. சிமியோனைப் பிடித்துவைத்தான், சோதித்தான், மறைவாகப் போய் அழுதான். ஆனால் சாக்கு நிறைய தானியமும் கொடுத்தான், அவர்கள் கொண்டுவந்த பணத்தையும் சாக்கிலேயே திருப்பி வைத்தான். அவர்களை நம்ப அவனுக்கு நாளாயிற்று. அதுவரை பட்டினி போடவில்லை. பதினேழு வருடம் எகிப்தில் ஒன்றாக இருந்த பிறகு, அப்பா இறந்ததும் அண்ணன்மாருக்குப் பழைய பயம் வந்துவிடுகிறது. எங்களை மன்னித்துவிடு என்று அவர்கள் சொல்லியனுப்பியதைக் கேட்டு யோசேப்பு மறுபடி அழுகிறான். அத்தனை வருடம் கழித்தும் தொட்டால் வலித்திருக்கிறது. உங்கள் வாய் அடைத்துப்போவதை வைத்து ‘நான் மன்னிக்கவே இல்லை’ என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வரியை உங்களால் சொல்ல முடிந்த அளவுக்குச் சொல்லுங்கள், ஒரு வார்த்தையானாலும் சரி. திருவிருந்துக்கும் போங்கள்.

என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பல வருடம் பேச்சில்லை. ஆனாலும் அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து போட்டு என் கையில் கொடுத்து அனுப்புவார். பெரியம்மா ஒன்றும் பேசாமல் கொட்டிக்கொண்டு, வாளியைக் கழுவி வெறுமனே திருப்பித் தருவார். மூன்றாம் வருடம் வாளி கனத்தது. திறந்து பார்த்தால் அடியில் ஒரு கை சர்க்கரை. அம்மா மூடியைக் கையில் பிடித்தபடி அடுக்களையில் வெகுநேரம் நின்றார். அதன்பிறகும் அவர்கள் பேசிக்கொள்ள இன்னும் நாளானது.

கல்யாணத்துக்குப் போங்கள். அந்தப் பெண் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. தைரியமாக உங்கள் வாசல்படி ஏறி வந்திருக்கிறாள். அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணுங்கள். தம்பி பேச வந்தால் பேசுங்கள், வராவிட்டால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாய்தாவுக்கும் போங்கள். பெண்ணின் பெயரையும் கல்யாணத் தேதியையும் எனக்கு எழுதுங்கள், அன்று நானும் அவளுக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்